உழைக்கும் உடலும் உண்ணும் உணவும்

“மரம் சீவுகிறவனுக்கு இனிப்புநீர் வராது, அது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் வியாதி” என்னும் பேச்சை நம் தோட்டங்களில் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். இப்பேச்சில் ஒரு காலத்தில் ஓரளவு உண்மை இருந்தது. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, நண்பகல் வரை மேடும் பள்ளமுமான நிரைகளில் நடந்து, பால் நிறைந்த வாளிகளைச் சுமந்து திரும்பியவர்களின் உடலில் கொழுப்புத் தங்குவதற்கு இடமிருந்ததில்லை. தங்கும் அளவிற்கு உணவும் கிடைத்ததில்லை.

இன்றைய நிலைமை வேறு. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு நடத்தப்பெற்ற தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 வயதிற்கு மேற்பட்டவர்களுள் 100-க்கு 18.3 பேருக்கு இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் அத்தொகை 31.4 ஆக உயர்ந்தது. அஃதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவர். இதனினும் கவலைக்குரிய செய்தி ஒன்று அவ்வாய்வில் உண்டு. நோயுடையவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர், தமக்கு அந்நோய் இருப்பதையே அதுவரை அறியாதிருந்தனர். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்தத் தொகை 15.6 ஆகச் சற்றுக் குறைந்தது உண்மையே. ஆயினும் அதே ஆய்வில் பெரியவர்களுள் 100-க்கு 54 பேர் அளவிற்கு மிஞ்சிய எடையுடையவராய்க் காணப்பட்டனர். இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்க்கும்போது மகிழ்ச்சியடைய இடமில்லை.

உணவே நோய்க்குக் காரணமாவது நம் நாட்டிற்குப் புதிதன்று. ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன்பு இந்நாட்டுத் தொழிலாளர்களை அஞ்ச வைத்த நோய் பெரிபெரி என்பதாகும். கால்கள் மரத்து, வீங்கி, நடக்கவியலாமற்போய், இதயம் தளர்ந்து மனிதர் இறந்தனர். அது தொற்றுநோய் என்றே பலரும் கருதினர். ஆனால் ஒரு செய்தி மருத்துவர்களைச் சிந்திக்க வைத்தது. தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களை அந்நோய் மிகுதியாகத் தாக்கிற்று. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அது அரிதாகவே காணப்பட்டது. 1905-ஆம் ஆண்டில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர், கோலாலம்பூரில் மனநோயாளர் காப்பகத்தில் இருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிற்கு வெள்ளையரிசியும் மறு பிரிவிற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளையரிசிப் பிரிவிலேயே நோய் பரவிற்று. பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், நெகிரி செம்பிலானில் டுரியான் திப்புஸ் என்னுமிடத்தில் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதே சோதனையை நடத்தி, 1909-இல் முடிவை வெளியிட்டனர். அரிசியை மாற்றியதும் நோயும் இடம் மாறிற்று. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் ஊறிவிடுகிறது. தீட்டும்போது பச்சரிசி அதனை இழந்துவிடுகிறது என்பது பிற்பாடு விளங்கிற்று.

நம் முன்னோர் இவ்விஞ்ஞானம் அறிந்து புழுங்கலரிசி உண்டவர்களல்லர். ஊர்ப் பழக்கம் அவர்களைக் காத்தது. ஆனால் பழக்கம் எல்லாக் காலத்திலும் காக்கும் என்று நம்பியிருக்க இயலாது. அன்று நோயைத் தந்தது உணவிலிருந்த குறை. இன்று தருவது மிகை.

இம்மிகை எவ்வாறு வந்தது என்பதையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் தாங்கிய தலைமுறை ஒன்று நம் தோட்டங்களில் இருந்தது. பசியைக் கண்ணால் கண்ட அப்பாட்டிமார் தம் பேரப்பிள்ளைகளுக்குத் தட்டு நிறையச் சோறிட்டு, “இன்னும் கொஞ்சம்” என்று வற்புறுத்தியது அன்பினாலேயாம். கொழுத்த குழந்தையே நோயற்ற குழந்தை என்று அவர்கள் எண்ணியதிலும் தவறில்லை. மெலிந்த குழந்தைகள் இறந்ததை அவர்கள் பார்த்திருந்தனர். அந்த அன்பை நாம் குறைகூறவில்லை. ஆயினும் அதே அளவுச் சோற்றை, மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் சென்று, மாலை முழுவதும் தொலைக்காட்சியின் முன்னும் கைப்பேசியின் முன்னும் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு இடும்போது அதன் பயன் வேறாகிறது.

வேலையும் மாறியிருக்கிறது. தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கும், பாதுகாவல் வேலைக்கும், லாரி ஓட்டவும் சென்றவர்கள் பல்லாயிரவர். தோட்டத்திலேயே இருப்பவர்களுள்ளும் வயதின் காரணமாகக் கொட்டகை வேலைக்கும் இலேசான வேலைக்கும் மாறியவர்கள் உளர். இவர்களுடைய வேலை மாறிற்று, தட்டு மாறவில்லை. நம் கருத்தில், இன்றைய நோய்களின் வேர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே உள்ளது.

உண்ணும் உணவு உடலுக்குள் என்னவாகிறது என்பதைப் பண்டசாலை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கலாம். நாள்தோறும் சரக்கு வந்து இறங்குகிறது. அன்றன்று செலவாவது போக எஞ்சியதை அறைக்குள் அடுக்கி வைக்கிறோம். அறை நிறைந்த பின்னரும் சரக்கு வந்துகொண்டேயிருந்தால் நடைவழியிலும் வாயிற்படியிலும் அடுக்க வேண்டியதாகிறது. பின்னர் எவரும் உள்ளே நடமாட இயலாது. உடலிலும் இவ்வாறே. செலவாகாத உணவு கொழுப்பாக மாறித் தோலின் அடியில் சேர்கிறது. அவ்விடம் நிறைந்ததும் ஈரலிலும், குடலைச் சுற்றியும், கணையத்திலும் படிகிறது. அவ்வாறு உள்ளே படிந்த கொழுப்பு, இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்தும் இன்சுலின் என்னும் சுரப்பின் வேலையைத் தடைசெய்கிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து, சில ஆண்டுகளில் களைத்துப் போகிறது. அதன் பின்னர்ச் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. இதுவே நீரிழிவு.

இந்திய வம்சத்தவருக்கு இப்பண்டசாலை இயற்கையிலேயே சற்றுச் சிறியது போலும். கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளிய உருவத்தை நாம் எங்கும் காண்கிறோம். ஒரே உயரமும் ஒரே எடையும் உடைய ஐரோப்பியரையும் நம்மவரையும் ஒப்பிட்டால், நம்மவர் உடலில் கொழுப்பு மிகுதியாகவும் தசை குறைவாகவும் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுள்ளனர். “நான் என்ன குண்டாகவா இருக்கிறேன்?” என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

எனவே கண்ணாடியை நம்புவதைவிடத் தையற்காரரின் அளவு நாடாவை நம்புவது நலம். கடைசி விலா எலும்பிற்கும் இடுப்பெலும்பிற்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், இறுக்காமல் நாடாவைச் சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொள்வதால் ஏமாறுபவர் நாமே. ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகும். எடையையும் பார்க்கலாம். 150 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 52 கிலோ, 160 சென்டிமீட்டர் உள்ளவருக்கு 59 கிலோ, 165 சென்டிமீட்டர் உள்ளவருக்கு 63 கிலோ என்னும் அளவுகளைத் தாண்டும்போதே நம்மவர்க்கு ஆபத்துக் கூடத் தொடங்குகிறது. ஐரோப்பியருக்கு வகுத்த எல்லை இதைவிட உயர்ந்தது. அது நமக்குப் பொருந்தாது.

இனி, ஒரு நாள் உணவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். விடியற்காலையில் டின் பால் கலந்த தேநீரும் பிஸ்கட்டும். பால் எடுத்து முடித்தபின் கடையில் ரொட்டி சானாயும் மற்றொரு தேநீரும். வெயிலின் களைப்பிற்குக் குளிர்ந்த கலர்த் தண்ணீர் ஒன்று. பகலில் குவித்த வெள்ளைச் சோறு, குழம்பு, ஒரு துண்டு மீன் அல்லது கருவாடு. கீரை இருந்தால் ஒரு கரண்டி. மாலையில் பலகாரத்துடன் தேநீர். இரவு 9 மணிக்கு மீண்டும் சோறு. உண்டதும் உறக்கம்.

இதில் முதற் குற்றவாளி சோறு என்று பலரும் நினைப்பர். நாம் தேநீர்க் குவளையையே முதலில் சுட்டுவோம். இரண்டு மேசைக்கரண்டி டின் பாலில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை உண்டு. அது 4 அல்லது 5 தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். மலிவாக விற்கப்படும் டின்கள் பல உண்மையில் பாலே அல்ல. பாமாயில் கொழுப்புச் சேர்த்த இனிப்புக் கிரீமர் ஆகும். டின்னின் மீதுள்ள எழுத்துகளைப் படித்தால் தெரியும். ஒரு சிறு டின் கலர்த் தண்ணீரில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பதுண்டு. ஒரு நாளைக்கு 25 கிராம், அஃதாவது 6 தேக்கரண்டிக்குள் சர்க்கரையை நிறுத்திக்கொள்வதே சிறந்தது என்பது 2015-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் கூறிய கருத்து. நாம் மேலே கண்ட தொழிலாளி அவ்வளவையும் காலை 10 மணிக்குள் கடந்துவிடுகிறார். நம் அரசாங்கம் 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்திருக்கிறது. ஆனால் அவ்வரி ஆலையில் தயாராகி வரும் பானங்களுக்கே. வீட்டுக் குவளையில் நாமே கரைக்கும் சீனிக்கு வரியும் இல்லை, கணக்கும் இல்லை.

குவளையை முதலில் சுட்டுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சோற்றைக் குறைத்தால் பசிக்கும். தேநீரில் சீனியைக் குறைத்தால் பசிக்காது. நாக்கு மட்டுமே முரண்டும். 3 கரண்டியை இவ்வாரம் 2 கரண்டியாகவும், அடுத்த மாதம் 1 கரண்டியாகவும் குறைத்து வந்தால் சில வாரங்களில் நாக்கும் பழகிவிடும். அதன் பின்னர்ப் பழைய தேநீர் திகட்டுவதைக் காணலாம்.

சோற்றைப் பொறுத்தவரை, தட்டை நான்காகப் பிரித்து ஒரு காற்பங்கு சோறு, ஒரு காற்பங்கு மீன், முட்டை, பருப்பு போன்றவை, எஞ்சிய பாதி காய்கறியும் பழமும் என்று நம் சுகாதார அமைச்சு வகுத்திருக்கிறது. “சுக்கு சுக்கு செப்பாரோ” என்று மலாய்மொழியில் கூறப்படுவது இதுவே. நம் தட்டுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. காய்கறி விலை மிகுதி என்பது நியாயமான முறையீடே. ஆனால் வீட்டின் பின்புறம் முருங்கை ஒன்றும், பசளைக்கொடி ஒன்றும், ஈரமான இடத்தில் காங்கோங்கும் வளர்வதற்குக் காசு வேண்டியதில்லை. முன்பு நம் வீடுகளின் பின்னால் இவை இருந்தன. தெம்பேயும் தவ்ஃபுவும் இறைச்சியைவிட மலிவானவை; நம்மவர் பலர் அவற்றைச் சமைக்க இன்னும் தயங்குவது ஏனென்று விளங்கவில்லை. புழுங்கலரிசியின் பெருமையை முன்னர்ச் சொன்னோம். எனினும் குவித்து உண்டால் அதுவும் எடையைக் கூட்டவே செய்யும்.

கருவாடு, ஊறுகாய், கீச்சாப், பொட்டல மீயின் தூள் ஆகியவற்றில் உப்பு மிகுதி. ஒரு நாளைக்கு எல்லா வகையிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்பு போதும். எடையும் உப்பும் சேர்ந்தே இரத்தக் கொதிப்பை உயர்த்துகின்றன. வியர்வையில் உப்பு வெளியேறுகிறதே என்று கேட்கலாம். வெளியேறுவதைவிட நாம் உண்பது பெரும்பாலும் அதிகமாகவே உள்ளது.

எடையை விட்டுவைத்தால் வரும் நோய்கள் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் மட்டுமல்ல. மாரடைப்பும் பக்கவாதமும் அவற்றைத் தொடர்ந்து வருகின்றன. மார்பகம், கருப்பை, பெருங்குடல் உள்ளிட்ட 13 வகைப் புற்றுநோய்கள் உடற்பருமனோடு தொடர்புடையவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் அறிவித்தது. நம் நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தை நாட வேண்டியவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவினால் சிறுநீரகத்தை இழந்தவர்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டியவர் எவ்வாறு நாள் வேலைக்குச் செல்வார் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் தோட்டத் தொழிலாளி தனியே அறிந்திருக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, பாதம். நீரிழிவு நாளடைவில் பாதத்தின் உணர்ச்சியைக் குறைக்கிறது. முள் குத்தியதும், அட்டை கடித்ததும், செருப்பு உராய்ந்ததும் தெரிவதில்லை. வலிக்காத புண்ணை எவரும் கவனிப்பதில்லை. ஈரமான காலணிக்குள் அப்புண் வளர்ந்து, எலும்பு வரை அழுகிய பின்னர் மருத்துவமனைக்குச் சென்றால், விரலையோ காலையோ எடுக்க நேரிடும். வேலை முடிந்து வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்குகளை உலரத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். கண் மங்கியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். சூடு தெரியாத காலை வெந்நீரில் வைப்பதும், கால் ஆணியைச் சீவுகத்தியால் தாமே செதுக்குவதும் கூடவே கூடா.

இரண்டாவது, விடியற்காலை மாத்திரை. மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்பொழுதில்தான் பால் நன்கு வடியும் என்பதால் நாம் இருட்டிலேயே வேலையைத் தொடங்குகிறோம். அவ்வேளையில், இன்சுலின் ஊசியையோ, கணையத்தைத் தூண்டும் சிலவகை மாத்திரைகளையோ எடுத்துக்கொண்டு, வெறும் தேநீரோடு மரத்திற்குச் செல்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று மிகவும் தாழ்ந்துவிடலாம். கை நடுங்கும், குளிர்ந்த வியர்வை வழியும், நெஞ்சு படபடக்கும், பேச்சுத் தடுமாறும். கையிலோ கூர்மையான கத்தி, பக்கத்திலோ ஆளில்லை. இத்தகையோர் உணவு உண்ணாமல் அம்மருந்தை எடுக்கலாகாது. மருந்தை நிறுத்திவிடுவதும் தவறு. தாம் வேலைக்குச் செல்லும் நேரத்தை மருத்துவரிடம் எடுத்துரைத்து, மருந்தின் வகையையும் வேளையையும் அவரைக் கொண்டே மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவர்கள் பலர் நம் வேலை எப்போது தொடங்குகிறது என்பதை அறியமாட்டார்கள். நாம் சொன்னாலன்றி அவர்களுக்குத் தெரிய வழியில்லை. சட்டைப்பையில் சிறிது சீனிப் பொட்டலம் வைத்திருத்தல் நலம். நடுக்கம் கண்டதும் 3 தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் குடித்து, பின்னர் உணவு உண்ண வேண்டும். மயங்கி விழுந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது. உடனே வண்டியை அழைக்க வேண்டும்.

நோய் வருமுன் தடுக்க இயலுமா? இயலும் என்பதற்குச் சான்று உண்டு. சர்க்கரை சற்றே உயர்ந்திருந்தும் நோயாக முற்றாதவர்களைக் கொண்டு, சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் மூன்றாண்டுக் காலம் ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். அறிவுரை எதுவும் பெறாத பிரிவில் 100-க்கு 55 பேர் நீரிழிவாளராயினர். உணவைத் திருத்தி, நடைப்பயிற்சி செய்த பிரிவில் 39 பேரே ஆயினர். அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. குறையாதபோதும் பயன் கிட்டிற்று. அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஆய்வில், எடையில் 100-க்கு 7 பங்கைக் குறைப்பதையும் வாரத்திற்கு 150 நிமிடம் நடப்பதையும் குறிக்கோளாகக் கொண்டவர்களிடையே நோய் பாதிக்கு மேல் குறைந்தது. 80 கிலோ எடையுள்ளவர் 5 அல்லது 6 கிலோ குறைத்தாலே போதும் என்பது இதன் பொருள். ஒல்லியாக வேண்டியதில்லை, பட்டினி கிடக்கவும் வேண்டியதில்லை.

வீட்டுத் தாய்மார்களுக்கு ஒரு சொல். எல்லாரும் உண்டபின் சட்டியில் எஞ்சியதை வீணாக்க மனமின்றி உண்டு முடிப்பது நம் வீடுகளில் வழக்கம். அரிசியை ஒரு பிடி குறைத்து உலையிலிட்டால் இவ்வழக்கம் தானே மறையும்.

வாகனத்தில் வந்து விற்கப்படும் மெலியும் மருந்துகளையும், நீரிழிவை வேரோடு போக்குவதாகச் சொல்லும் பொடிகளையும் வாங்காதிருப்பது நலம். அத்தகைய பொடிகள் சிலவற்றில் ஆங்கில மருந்துகள் இரகசியமாகக் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. பாகற்காயைக் கறியாக உண்பதில் குற்றமில்லை. அதை நம்பி மாத்திரையை விடுவதில்தான் குற்றம்.

அரசாங்கச் சுகாதார மருந்தகங்களில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பெக்கா பி40 திட்டத்தின்கீழ், குறைந்த வருமானமுடையோருள் 40 வயதை எட்டியவர்களுக்கு இலவசப் பரிசோதனையும் உண்டு. சோதனைக்கு முன்னிரு நாள் இனிப்பைத் தொடாமலிருந்து, நல்ல எண்ணைப் பெற்றுத் திரும்பும் சாமர்த்தியசாலிகள் நம்மிடையே சிலர் உளர். ஹெச்.பி.ஏ.1சி என்னும் இரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டிவிடும். அதைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். இரண்டு நாள் விரதத்திற்கு அது மயங்காது.